ஆப்பிள்டாக்கும் எஸ்எம்பி1-உம் ஒரே பெட்டியில்

விண்டோஸ் எக்ஸ்பியைச் சாம்பாவோடு, அதாவது விண்டோஸ் மெஷின்களோடு ஃபைல் பகிரும் லினக்ஸ் மென்பொருளோடு, பேசவைப்பது எப்படி என்று தேடினால் எங்கே போனாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். அமைப்பு ஃபைலின் குளோபல் பகுதியில் 'சர்வர் மின் புரோட்டோகால்' என்ற வரிக்கு 'என்டி1' (விண்டோஸின் பழைய ஃபைல் பகிர்வு முறையான எஸ்எம்பி1) என்று கொடு, சேவையை நிறுத்தித் திரும்ப ஓட்டு, முடிந்தது. உண்மையிலேயே முடிந்துவிடும், அதுதான் பிரச்சினை. அந்த வரியை எந்த மெஷினில் எழுதுகிறோம், அந்த மெஷின் வேறு யாரோடெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறது, அந்த எக்ஸ்பிக்கு வெளியுலகம் தெரிகிறதா என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. சம்பளக் கணக்கும் வாடிக்கையாளர் விவரமும் இருக்கிற அதே சர்வரில் இந்த ஒரு வரியை எழுதிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்களைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நிறையப் பார்த்துவிட்டேன்.

நான் சொல்லப்போவது கிளேர்வுட் பக்கம் ஒரு சின்ன அச்சகத்துக்குச் செய்துகொடுத்த வேலை. நடத்துகிறவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், எழுபதைத் தாண்டியவர், தெருவுக்கே அண்ணன், எனக்கும் அண்ணன்தான். கல்யாணப் பத்திரிகை, கருமாதி அட்டை, பில் புத்தகம் எல்லாம் வருஷம் முழுக்க வரும். தைப்பூசக் காவடி, ஈஸ்டர் சமயத்தில் இசிபிங்கோ மாரியம்மன் திருவிழா, ஆடிக்கூழ், புரட்டாசி விரதம் என்று நெருங்கினால் கோயில் வேலை குவியும். கோயில் வேலை என்றால் நோட்டீஸ் மட்டும் இல்லை, பாட்டுப் புத்தகமும் உண்டு. இந்த ஊர்ப் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இடது பக்கம் தேவாரமோ திருப்புகழோ தமிழில் இருக்கும், வலது பக்கம் அதே வரிகள் இங்கிலீஷ் எழுத்தில் இருக்கும். 1860-இல் ட்ரூரோ கப்பலில் ஆரம்பித்து கரும்புத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தவர்களின் வம்சத்தில் பலருக்கு இன்றைக்குத் தமிழ் பாட வரும், படிக்க வராது.

அந்தப் புத்தகங்களின் மூல ஃபைல் அத்தனையும் ஒரு பவர் மேகின்டாஷ் 7200-இல் இருக்கிறது. 1995-இல் வந்த மாடல். சிஸ்டம் 7.5, பக்கம் வடிவமைக்கக் குவார்க்எக்ஸ்பிரஸ் 3, யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபான்ட்டுகள். அதற்குப் பக்கத்தில் ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டரை ஓட்டுகிற ஒரு எக்ஸ்பி. பிளாட்டரோடு வந்த மென்பொருள் எக்ஸ்பியைத் தாண்டி எதிலும் ஓடாது. இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டு எல்லாம் புதிதாக வாங்குங்கள் என்று ஒரு சர்வீஸ் கம்பெனி கொடுத்த எஸ்டிமேட்டை அண்ணன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார், வருகிறவர்களுக்குக் காட்டிச் சிரிப்பதற்கு. "மெஷின் ஓடுது தம்பி, பேப்பர் வருது. அதுகூடப் பேசறதுக்குத்தான் ஆள் இல்ல" என்றார். இதைவிடச் சரியாக யாரும் எனக்கு வேலையை விளக்கியதில்லை.

அதுவரை மேக்கிலிருந்து ஃபைல் வெளியே வந்தது 100 எம்பி ஜிப் டிஸ்க் வழியாக. அந்த டிரைவும் 'டக் டக்' என்று அடிக்க ஆரம்பித்துவிட்டது. ஜிப் டிரைவ் வைத்திருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டாலே வயிற்றைக் கலக்கும்.

சரி, இவற்றுக்கு நடுவில் நின்று ஃபைல் கைமாற்ற நான் கட்டிய பெட்டிக்கு வருவோம். ஒரு பழைய ஆபீஸ் டெஸ்க்டாப், கூடுதலாக ஒரு நெட்வொர்க் கார்டு, டெபியன் 12 லினக்ஸ். ஒரு கார்டு மேக்கும் எக்ஸ்பியும் மட்டும் இருக்கிற தனிச் சின்ன ஸ்விட்ச்சுக்குப் போகிறது. இன்னொரு கார்டு ஆபீஸ் நெட்வொர்க்குக்கு. நடுவில் ரவுட்டிங் கிடையாது, ஃபைல்கள் மட்டும் பெட்டியின் டிஸ்கில் கைமாறும். நம் ஊர் வீட்டுத் திண்ணை மாதிரி, வந்தவர் அங்கேயே உட்கார்ந்து பேசி வேலையை முடித்துக்கொண்டு கிளம்பலாம், வீட்டுக்குள் வரவேண்டியதில்லை.

டெபியனில் ஐபி ஃபார்வர்டிங், அதாவது ஒரு கார்டில் வந்த பாக்கெட்டை இன்னொரு கார்டுக்குக் கடத்துவது, இயல்பாகவே அணைந்துதான் இருக்கும், அதனால் இதற்குப் பெரிதாக எதுவும் செய்யவேண்டாம் என்று தோன்றும். ஆனால் அதே பெட்டியில் என்றைக்காவது கன்டெய்னர் ஓட்டும் டாக்கரை நிறுவினால் டாக்கர் கேட்காமலே அதை ஏற்றிவிடும். ஆகவே இந்தப் பெட்டியில் டாக்கர் வேண்டாம் என்று வைத்துக்கொண்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று என்எஃப்டேபிள்ஸ் ஃபயர்வாலில் ஃபார்வர்டு செயினின் கொள்கையையும் டிராப் ஆக்கினேன். டாக்கரைத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு, அந்த மேக் பேசும் பழைய நெட்வொர்க் புரோட்டோகாலான ஆப்பிள்டாக்கின் சாக்கெட் லினக்ஸ் கர்னலில் ஆரம்ப நெட்வொர்க் நேம்ஸ்பேஸில், அதாவது ஹோஸ்ட்டின் சொந்த நெட்வொர்க்கில், மட்டும்தான் திறக்கும். கன்டெய்னருக்குத் தனி நெட்வொர்க் கொடுத்தால் உள்ளே ஆப்பிள்டாக் என்ற ஒன்றே இல்லாத மாதிரிதான். ஹோஸ்ட் நெட்வொர்க்கையே கொடுத்தால் ஓடும், ஆனால் அப்புறம் கன்டெய்னர் எதற்கு?

ஆப்பிள்டாக் 1985-இல் வந்தது. இது ஐபி இல்லை, ஐபி மேல் ஓடுவதும் இல்லை. டிடிபி என்ற தன் சொந்தப் பாக்கெட்டுகளை நேராக ஈதர்நெட் மேல் ஏற்றிவிடும். முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி கிடையாது, பெயரைத் தேடித்தரும் டிஎன்எஸ் கிடையாது. மெஷின் எழுந்ததும் தனக்கு ஒரு எண்ணைத் தானே எடுத்துக்கொண்டு, இந்த எண் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்கும், பதில் வரவில்லையென்றால் அது தன்னுடையது. பெயர்களையும் அப்படியே ஒருவரையொருவர் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். மேக்கில் சூஸர் என்ற விண்டோவைத் திறந்தால் சர்வரும் பிரிண்டரும் தானாக வரிசையில் நிற்கும். 1985-இல் இதை யோசித்தவர்களைக் கும்பிடலாம். இன்றைக்கும் வைஃபை பிரிண்டரைக் கண்டுபிடிக்க வைக்க நான் படுகிற பாட்டுக்கு அது எவ்வளவோ மேல்.

ஐபி இல்லாததால் ஒரு நன்மை இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. ஆப்பிள்டாக் பாக்கெட் உங்கள் இன்டர்நெட் ரவுட்டரைத் தாண்டாது. தாண்டச் சொல்லி நீங்கள் கெஞ்சினாலும் தாண்டாது. எஸ்எம்பி1 அப்படி இல்லை, டிசிபியில் ஏறி எங்கே வழி இருந்தாலும் போய்விடும். அதிகம் வழக்கொழிந்த புரோட்டோகால்தான் அதிக ஆபத்து என்று பொதுவாக நினைக்கிறோம். இந்த இரண்டில் எனக்குத் தூக்கம் கெடுப்பது எஸ்எம்பி1-தான்.

அதே காரணத்தால் தொல்லையும் உண்டு. விர்ச்சுவல் மெஷினின் 'நாட்' என்ற ஐபி முகவரி மாற்றும் வழியில் ஆப்பிள்டாக் போகாது, பிரிட்ஜ்தான் வேண்டும். ஐபி டேபிள்ஸ் ஃபயர்வாலில் என்ன விதி எழுதினாலும் அதற்குத் தெரியாது. பல வைஃபை அக்சஸ் பாயின்ட்டுகள் அதைக் கடத்துவதில்லை, ஆகவே கம்பிதான். 7200-இன் போர்ட் 10 எம்பிபிஎஸ். புதிய 2.5 ஜி ஸ்விட்ச்சுகள் சிலவற்றுக்கு அந்த வேகமே தெரியாது, கேபிளைச் செருகினால் விளக்குகூட எரியாது. அண்ணனின் அலமாரியில் கிடந்த பழைய 10/100 ஸ்விட்ச்சைத் தூசி தட்டி எடுத்தோம், சிக்கல் தீர்ந்தது.

கர்னல் நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழைய புரோட்டோகால் என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடமுடியாது. நாவல் கம்பெனியின் பழைய புரோட்டோகாலான ஐபிஎக்ஸ் லினக்ஸிலிருந்து 2018-இல் போய்விட்டது. டெக் கம்பெனியின் டெக்நெட் 2022-இல் 6.1 கர்னலோடு போனது. லினக்ஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி தன் 11-ஆம் பதிப்பில் ஆப்பிள்டாக்கையும் ஐபிஎக்ஸையும் சேர்த்தே கழற்றிவிட்டது. டெபியன் 12-இன் கர்னலில் ஆப்பிள்டாக் மாட்யூலாக இருக்கிறது, ஏற்றினால் ஏறும். பராமரிக்க ஆள் இல்லாத நிரலைக் கர்னலிலிருந்து எடுப்பது சரியென்றே நான் நினைக்கிறேன். மூலம் எங்கேயும் ஓடிப்போவதில்லை, வேண்டியவர்கள் பழைய கர்னலை ஒரு தனிப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம்.

நெட்டாடாக்கின் கதை இதற்கு நேர் எதிர். லினக்ஸைப் பழைய மேக்குகளுக்கு ஃபைல் சர்வராக்குகிற மென்பொருள் அது. 2012-இல் வந்த 3.0-இல் ஆப்பிள்டாக்கைத் தூக்கிவிட்டு மேக்கின் ஃபைல் பகிர்வு முறையான ஏஎஃப்பியை டிசிபி வழியாக மட்டும் கொடுத்தார்கள். பழைய மேக்காரர்கள் எல்லாம் 2.2-லேயே வருஷக்கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். 2024-இல் வந்த 4.0-இல் ஆப்பிள்டாக் திரும்பி வந்துவிட்டது. திறந்த மூலத்தில் இப்படியும் நடக்கும். நான் நான்காம் பதிப்பை மூலத்திலிருந்து மேசான் என்ற கருவியை வைத்துக் கட்டினேன், கட்டும்போது ஆப்பிள்டாக் வேண்டும் என்ற விருப்பத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

அமைப்பு சின்னதுதான். ஆப்பிள்டாக்கை ஓட்டும் சேவையான ஏடாக்டியின் கோப்பில் பழைய பக்கத்துக் கார்டின் பெயர் ஒரே வரியில், வேறு எதுவும் எழுதவேண்டாம். ஏஎஃப்பியின் குளோபல் பகுதியில் ஆப்பிள்டாக்குக்கு 'எஸ்' (ஆம்) கொடுக்கவேண்டும், அது இயல்பில் அணைந்திருக்கும். ஏடாக்டி எழுந்து நெட்வொர்க்கில் ரவுட்டர் இருக்கிறதா என்று தேடிவிட்டு அடங்க நேரமெடுக்கும், அதற்குள் பொறுமையிழந்து கன்ட்ரோல்-சி அடிக்கக்கூடாது. ரவுட்டர் இல்லாத நெட்வொர்க்கில் முகவரி 65280 என்று ஆரம்பிக்கும். பிறகு என்பிபிலுக்கப் கட்டளையைத் தட்டினால் கம்பியில் இருக்கிற எல்லாப் பெயர்களும் வரிசையாக வரும். அதில் அந்த 7200, யாரோ எப்போதோ வைத்த 'முன் அறை' என்ற பெயரை ரோமன் எழுத்தில் போட்டுக்கொண்டு நின்றது.

பாஸ்வேர்டு விஷயம் கொஞ்சம் தொல்லை. நெட்டாடாக் இயல்பாகத் தரும் டிஹெச்எக்ஸ்2 முறை சிஸ்டம் 7.5-க்குத் தெரியாது. பழைய 'ரேண்ட்நம்' முறையைத் திறந்தேன், அதற்கு எட்டு எழுத்துக்கு மேல் ஏறாது, தனி பாஸ்வேர்டு ஃபைல் வேறு வேண்டும். ஆகவே மேக்குக்கு என்று ஒரு பயனர், அவருக்கு ஷெல் கிடையாது, அந்த எட்டெழுத்து வேறெங்கும் பயன்படாது. அப்புறம் டிஸ்க் அளவு. டெராபைட் கணக்கில் காலி இடம் இருக்கிறது என்று அந்த மேக்கிடம் சொன்னால் குழம்பிப்போகும், வால்யூம் பகுதியில் 'லெகசி வால்யூம் சைஸ்' என்பதை இயக்கினால் இரண்டு ஜிபிக்குள் சொல்லிவிடும்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும், எஃப்டிபி போதாதா என்று ஒரு நண்பர் கேட்டார். போதாது, அதற்கு ரிசோர்ஸ் ஃபோர்க்தான் காரணம்.

பழைய மேக்கில் ஒரு ஃபைல் என்பது இரண்டு ஃபைல். டேட்டா ஃபோர்க் ஒன்று, ரிசோர்ஸ் ஃபோர்க் ஒன்று, கூடவே இந்த ஃபைல் என்ன வகை, யார் உருவாக்கியது என்று நாலு நாலு எழுத்தில் இரண்டு குறி. குவார்க் ஃபைலின் உருவாக்கியவர் இடத்தில் எக்ஸ்பிஆர்3 என்று இருக்கும். பெயரின் கடைசியில் புள்ளி வைத்து எக்ஸ்டென்ஷன் எழுதும் வழக்கமே அங்கே கிடையாது, அந்தக் குறியைப் பார்த்துத்தான் எதில் திறக்கவேண்டும் என்று ஃபைண்டருக்குத் தெரியும். எஃப்டிபியில் சாதாரணமாக இழுத்தால் டேட்டா ஃபோர்க் மட்டும் வரும். குவார்க் ஃபைல் தப்பிக்கும், குறியை மட்டும் இழக்கும். ஃபான்ட்? மேக் ஃபான்ட் சூட்கேஸில் உள்ளது முழுக்க ரிசோர்ஸ் ஃபோர்க்கில்தான். லினக்ஸ் பக்கம் வந்து சேர்ந்த தமிழ் ஃபான்ட்டின் அளவு பூஜ்ஜியம் பைட். பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. ஃபோல்டரில் பார்க்கிறவர் எல்லாம் பத்திரமாக வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு மேக்கை இரும்புக்குப் போட்டிருப்பார்.

நெட்டாடாக் இந்த இரண்டையும் கட்டிக்காக்கும், ஆனால் எங்கே வைக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பது நல்லது. லினக்ஸில் குறிகள் ஃபைலோடு ஒட்டியிருக்கும் எக்ஸ்டெண்டெட் ஆட்ரிபியூட்டில் போய் உட்காரும், ரிசோர்ஸ் ஃபோர்க் புள்ளி-அடிக்கோடு என்று தொடங்கும் பெயரில் ஒரு மறைவு ஃபைலாகப் பக்கத்திலேயே நிற்கும், லினக்ஸின் டிஸ்க் வடிவமான இஎக்ஸ்டி4-இல் ஆட்ரிபியூட்டுக்குள் அவ்வளவு பெரிய சரக்கு கொள்ளாது என்பதால். ஆர்சிங்கில் பெரிய எக்ஸ் கொடியைப் போடாமல் பேக்கப் எடுத்தால் ஆட்ரிபியூட் போச்சு. எக்ஸ்ஃபேட் பென்டிரைவில் போட்டாலும் போச்சு. குப்பை ஃபைல் என்று நினைத்து புள்ளி-அடிக்கோடுகளை யாராவது சுத்தம் செய்தால் ஃபான்ட்டே போச்சு. அந்த மூன்றாவதைத்தான் நான் ரொம்பப் பயப்படுகிறேன், ஏனென்றால் சுத்தம் செய்கிறவர்கள் நல்ல எண்ணத்தோடு செய்வார்கள்.

புதிய பக்கத்தில் அண்ணனின் பேத்தி புது மேக்கில் வேலை செய்கிறாள். அவளுக்கு அதே ஃபோல்டர் சாம்பா வழியாக எஸ்எம்பி3-இல் போகிறது. சாம்பாவில் 'ஃப்ரூட்' என்றொரு மாட்யூல் இருக்கிறது, அதில் மெட்டாடேட்டாவுக்கு 'நெட்டாடாக்', ரிசோர்ஸுக்கு 'ஃபைல்' என்று வைத்தால் நெட்டாடாக் எழுதியதை அதே வடிவத்தில் அவளுக்குக் காட்டும். என்கோடிங்கை 'நேட்டிவ்' ஆக்கவேண்டியிருந்தது. அதற்குக் காரணம் அண்ணன் ஃபைலுக்குப் பெயர் வைக்கும் விதம், 'காவடி 4/2' என்று சாய்கோடு போட்டுத்தான் வைப்பார். மேக்கில் அது செல்லும். லினக்ஸில் சாய்கோடு செல்லாது, நெட்டாடாக் அதை முக்காற்புள்ளியாக மாற்றி வைக்கும், சாம்பாவும் அதே பாஷையில் படிக்கவேண்டும்.

ஃபான்ட்டை சூட்கேஸிலிருந்து ஃபோண்டு என்ற சின்னக் கருவி டிடிஎஃப் ஆக எடுத்துக்கொடுத்தது. ஆனால் எழுத்து வந்ததே தவிர தமிழ் வரவில்லை, உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள். ஓப்பன்-தமிழ் நிரல் நூலகத்தில் மயிலை, பாமினி, டிஎஸ்சிஐஐ, டேப், டேம் எனப் பல பழைய குறியாக்கங்களிலிருந்து யூனிகோடுக்கு மாற்ற வழி இருக்கிறது. எழுத்துகளை ஒன்றுக்கு ஒன்று மாற்றினால் போதாது. அந்த ஃபான்ட்டுகளில் கொம்பு கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் முதலில் வரும், அப்புறம் மெய், அப்புறம் கால். யூனிகோடில் 'கொ' என்றால் மெய்க்குப் பின்னால் ஒரே குறி. இதைச் சரியாகப் பிடிக்காத மாற்றியில் 'கோயில்' என்பது பக்கம் பக்கமாகக் கை கால் பிரிந்து கிடக்கும். திருத்துவதற்கு உதவியது அந்த வலது பக்கத்து இங்கிலீஷ் வரிகள்தான். தமிழ் படிக்கத் தடுமாறும் பேத்தி, ரோமன் வரியை வாய்விட்டுப் பாடிக்கொண்டே தமிழ் வரியில் பிசகிய இடங்களைப் பிடித்தாள். தாத்தா எதிரில் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

பிரிண்டருக்கு அதிகம் சொல்ல இல்லை. நெட்டாடாக்கோடு வரும் பேப்டி, பெட்டியை ஆப்பிளின் லேசர்ரைட்டர் பிரிண்டராக மேக்குக்குக் காட்டும், வருகிற போஸ்ட்ஸ்கிரிப்டை லினக்ஸின் பிரிண்ட் சேவையான கப்ஸிடம் கொடுக்கும். குவார்க்கில் பிரிண்ட் அழுத்தினால் புது பிரிண்டரில் வருகிறது.

கரண்டுதான் பெரிய வில்லன். லோட்ஷெட்டிங் காலத்தைக் கடந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மின்சாரம் நினைத்த நேரம் போகும் வரும். மேக்கின் மதர்போர்டு பேட்டரி செத்திருந்தால் ஒவ்வொரு முறையும் தேதி போன நூற்றாண்டின் நடுவுக்குப் போய்விடும், கூடவே ஆப்பிள்டாக் ஈதர்நெட்டை விட்டுவிட்டுப் பிரிண்டர் போர்ட்டுக்குத் திரும்பிவிடும். சூஸரில் சர்வர் காணோம் என்று போன் வரும். சர்வரில் ஒரு குறையும் இருக்காது. பேட்டரியை மாற்றிவிட்டு, ஆப்பிள்டாக் கன்ட்ரோல் பேனலை மேக்கின் ஆப்பிள் மெனுவில் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன். நெட்டாடாக்கில் டைம்லார்டு என்றொரு சேவை உண்டு, பழைய மேக்குகளுக்கு மணி சொல்வதற்கென்றே. அதையும் ஓட்டிவிட்டேன்.

இனி எக்ஸ்பி. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகத்தையே ஒரு ஆட்டு ஆட்டியது எஸ்எம்பி1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே வருஷம் லினக்ஸ் கர்னலின் மவுன்ட் பகுதி எஸ்எம்பி1-ஐ இயல்பாகப் பயன்படுத்துவதை நிறுத்தியது, 2019-இல் சாம்பா 4.11 அதை இயல்பிலேயே அணைத்துவிட்டது. திரும்பத் திறக்க அந்த ஒரு வரி போதும் என்றேன் அல்லவா, ஆனால் அந்த வரி குளோபல். இந்தக் கார்டுக்கு மட்டும், இந்த ஷேருக்கு மட்டும் என்று வைக்க முடியாது. ஆபீஸ் பக்கத்துக்கும் சேர்த்தே எஸ்எம்பி1 திறந்துவிடும்.

வழி, சாம்பாவின் சர்வர் நிரலான எஸ்எம்பிடியை இரண்டாக ஓட்டுவது. இரண்டுக்கும் தனித்தனி அமைப்பு ஃபைல், தனி பிஐடி, லாக், ஸ்டேட், கேஷ், பிரைவேட் டைரக்டரிகள், தனி சிஸ்டம்டி யூனிட். ஒன்று பழைய கார்டை மட்டும், இன்னொன்று புதிய கார்டை மட்டும் கேட்கும்படி 'இன்டர்ஃபேசஸ்' வரியும் 'பைண்ட் இன்டர்ஃபேசஸ் ஒன்லி' வரியும். டைரக்டரிகளில் ஒன்றை மறந்தாலும் இரண்டும் ஒரே டேட்டாபேஸுக்கு அடித்துக்கொள்ளும், ஆகவே நிதானமாகச் செய்யவேண்டிய வேலை இது. இரண்டுக்கும் பூட்டுக் கணக்கு தனித்தனி என்பதால் ஒரே ஃபைலில் இரண்டு பக்கமும் எழுதவிடக்கூடாது. எக்ஸ்பிக்குக் கொடுத்திருப்பது வெட்டவேண்டிய ஃபைல்கள் விழும் ஒரு ஃபோல்டர், படிக்க மட்டும்.

அடுத்தது லாகின். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் எல்லாம் சாம்பாவில் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் 'என்டிஎல்எம் ஆத்' என்பதையும் தளர்த்தச் சொல்லும், ஏனென்றால் எக்ஸ்பி இயல்பாக அனுப்புவது பழைய எல்எம், என்டிஎல்எம் பதில்களை. ஆனால் எக்ஸ்பிக்கு அவற்றைவிடப் பாதுகாப்பான என்டிஎல்எம்வி2 தெரியும்! அனுப்பச் சொன்னால் அனுப்பும். ரெஜிஸ்ட்ரியில் எல்எஸ்ஏ பகுதியில் எல்எம் கம்பாட்டிபிலிட்டி லெவலை 3 ஆக்கினால் போதும், சாம்பா பக்கம் ஒன்றையும் தளர்த்தவேண்டாம். இருபது வருஷப் பழைய மெஷினை ஒரு படி மேலே ஏற்ற முடியும்போது புது சர்வரை எதற்குக் கீழே இறக்கவேண்டும் என்பது என் கேள்வி, இதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

எக்ஸ்பிக்கு நிலையான முகவரி, கேட்வே காலி, டிஎன்எஸ் காலி. நெட்வொர்க் நெய்பர்ஹுட்டில் தேடவேண்டியதில்லை, முகவரியை நேராக அடித்து டிரைவ் எழுத்தாக மாட்டிவிட்டேன். அதனால் பெயர் தேடித்தரும் என்எம்பிடி தேவைப்படவில்லை, பழைய பக்கத்தில் எக்ஸ்பிக்காகத் திறந்திருப்பது 445-ஆம் போர்ட் ஒன்றுதான். எஸ்எம்பிஸ்டேட்டஸை ஒவ்வொரு அமைப்பு ஃபைலுக்கும் தனித்தனியாக ஓட்டிப் பார்த்தால் பழைய பக்கம் என்டி1, புதிய பக்கம் எஸ்எம்பி3_11 என்று பத்தியில் தெரியும். புதிய பக்கத்தில் என்றைக்காவது என்டி1 தெரிந்தால் யாரோ அமைப்பில் கைவைத்திருக்கிறார்கள்.

பழைய ஸ்விட்ச், ரவுட்டருக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாகத் தூரத்திலிருந்து நுழைவதற்கும் இதே புத்தி உதவும். ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 8.8-இல் எஸ்ஹெச்ஏ1 ஆர்எஸ்ஏ கையெழுத்து இயல்பில் அணைந்தது, 2025-இல் வந்த 10.0-இல் டிஎஸ்ஏ முழுசாகப் போனது. அணைந்ததைத் திரும்பக் கூட்டலாம், கூட்டல் குறி போட்டு, ஆனால் அந்தச் சாதனத்தின் ஹோஸ்ட் பிளாக்குக்குள் மட்டும். நட்சத்திரம் போட்ட ஹோஸ்டுக்குக் கீழே எழுதி வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். டிஎஸ்ஏ சாவி மட்டுமே தெரிந்த சாதனங்களுக்கு டெபியனில் பழைய எஸ்எஸ்ஹெச் கிளையன்டைத் தனிப் பேக்கேஜாகவே வைத்திருக்கிறார்கள், அதன் கட்டளையின் பெயர் எஸ்எஸ்ஹெச்1.

இதெல்லாம் ஓட ஆரம்பித்ததைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரர் வந்தார். ஸ்கூல் யூனிஃபார்ம் பேட்ஜ் தைக்கிற எம்பிராய்டரி மெஷின், அதை ஓட்டுவது விண்டோஸ் 98. "எங்களுதையும் சேர்த்துவிடுங்க அண்ணே" என்றார். 98-க்குச் சாம்பாவைத் திறக்கவேண்டுமென்றால் லான்மேன் என்ற இன்னும் பழைய, பலவீனமான லாகின் வரைக்கும் இறங்கவேண்டும், அதற்கு நான் தயாரில்லை. வின்98-இல் எஃப்டிபி கட்டளை கூடவே வருகிறது, எம்பிராய்டரி ஃபைலுக்கு ரிசோர்ஸ் ஃபோர்க்கும் இல்லை, குறியும் இல்லை. எஃப்டிபி சர்வரான விஎஸ்எஃப்டிபிடியைப் பழைய கார்டில் மட்டும் கேட்கவைத்து, ஒரே ஃபோல்டருக்குள் பூட்டி, படிக்க மட்டும் கொடுத்தேன். அவர் டெஸ்க்டாப்பில் ஒரு பேட்ச் ஃபைல் இருக்கிறது, இரண்டு முறை கிளிக் செய்தால் கறுப்பு விண்டோ ஒன்று திறந்து, அன்றைக்குப் போட்ட டிசைன்களை எல்லாம் இழுத்துக்கொண்டு மூடிவிடும். கேபிள் மட்டும் சுவரைத் துளைத்துப் போட வேண்டியிருந்தது, அதை அவரே துளைத்துக்கொண்டார்.